எந்தப் பக்கம் இருந்தார்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் கொடியேற்றிவிட்டு முதலமைச்சர் பேசும்போது தியாகிகள் ஓய்வூதியம் பற்றி ஓர் அறிவிப்பு வரும். 2025-ல் மாத ஓய்வூதியம் 21,000 ரூபாயிலிருந்து 22,000 ஆனது. குடும்ப ஓய்வூதியம் 11,500-லிருந்து 12,000 ஆனது. மறுநாள் பேப்பரில் அது ஒரு சின்னப் பத்தியாக வந்திருந்தது. டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்த ஒரு பெரியவர், "இன்னும் எத்தனை பேரு உசுரோட இருக்கப்போறாக, குடுத்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கும் அதில் சந்தோஷம்தான். இன்னும் இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும். ஆனால் அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்தும். பல வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்த முறை எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போரில் செத்தவரை நம் நாடு அறியும். அவருக்குக் கல்வெட்டு உண்டு. போரில் கால் போனவரை அறியும். அவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. விடுதலைக்காகச் சிறை சென்றவரை அறியும். போரில் எதிரியிடம் பிடிபட்டு, வருடக்கணக்கில் முள்வேலிக்குள் பட்டினி கிடந்து, எந்தப் பெருமையும் இல்லாமல் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர் என்று ஓர் ஆள் உண்டு. அவரை மட்டும் நம் நாட்டுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார், என் தாத்தாவின் அண்ணன்.

பெரிய தாத்தாவுக்கு ஊர் கள்ளிக்குடிப் பக்கம். வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் விளைந்தால் உண்டு, இல்லையென்றால் திருமங்கலம் சந்தையில் மூட்டை தூக்க வேண்டியதுதான். 1940-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவரும் அதே தெருவைச் சேர்ந்த அவருடைய சேக்காளியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி டிரைவர் வேலை. மாட்டு வண்டி மட்டுமே ஓட்டியிருந்த இரண்டு பேருக்கும் பட்டாளம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. மலாயாவுக்கு அனுப்பினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபாரர் பார்க் மைதானத்தில் ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்களை உட்காரவைத்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதே மேடையில் கேப்டன் மோகன் சிங் எழுந்து, ஜப்பானியரோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்கிற இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில், சேரச் சொல்லிக் கேட்டார். சேக்காளி சேர்ந்தார். பெரிய தாத்தா சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. பட்டாளத்தில் கங்கையைத் தொட்டுச் சத்தியம் பண்ணியதால் என்று என் அப்பா சொல்வார். பயந்திருப்பார் என்று சித்தப்பா சொல்வார். பெரிய தாத்தா வாயே திறந்ததில்லை. சேர்ந்த சேக்காளியை ஊர் பிற்பாடு 'போஸ்' என்றே கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

மூணரை வருசம்

சேராதவர்கள் கதி என்ன ஆயிற்று என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத விஷயம். நிறையப் பேரைக் கப்பலில் ஏற்றி நியூ கினிக்கும் ரபாவுலுக்கும் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் கப்பல் மூழ்கிச் செத்தவர்கள் உண்டு, காட்டில் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் அதைவிட அதிகம். பெரிய தாத்தாவைச் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற வேலை. முதுகில் அரிசி மூட்டை, வயிற்றில் ஒன்றும் கிடையாது. 1929-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்து மட்டும் போட்டது, ஏற்று உறுதி செய்யவில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு லண்டனில் இயங்கிய இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட் லட்சக்கணக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பியது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அது முகாமுக்குள் போய்ச் சேர்ந்தது. கிழக்கே இருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வந்த கொஞ்சநஞ்சமும் காவலர்களின் கிட்டங்கியில் முடங்கியது.

நான் பார்க்கும்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. ஆடு வைத்திருந்தார். சாயந்திரம் ஆடுகளைக் கிடையில் அடைக்கும்போது எண்ணுவார். "இச்சி, நீ, சான், சீ, கோ..." பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஏதோ ஆட்டுக்காரர்கள் பாஷை என்று நினைப்பு. முகாமில் காலையும் மாலையும் தலை எண்ணும்போது கைதிகளே ஜப்பானிய மொழியில் எண் சொல்ல வேண்டும், தப்பினால் அறை விழும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கறி எடுத்த நாளில்கூட அவர் கறியைத் தொடாமல் முதலில் சோற்றைத்தான் முழுக்கத் தின்று முடிப்பார். தட்டில் ஒட்டிய பருக்கையை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பார். யாரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். ஊரில் சிலர் அதைத் திமிர் என்றார்கள், சிலர் கள்ளப் பார்வை என்றார்கள்.

அவருடைய கண்ணில் நடுப்பார்வை போயிருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் காதைப் பார்க்க வேண்டும். போர் முடிந்த சமயத்தில் பட்டாளத்து டிரைவர்களுக்கு மதுரையில் பஸ் கம்பெனிகளில் நல்ல கிராக்கி இருந்ததாம். அவரும் போயிருக்கிறார். வண்டியை எடுக்கச் சொன்னதும், "எனக்கு ரோடு தெரியல" என்று சொல்லி இறங்கிவிட்டாராம். பட்டாளம் கற்றுக்கொடுத்த ஒரே தொழில் அப்படிக் கைவிட்டுப் போனது.

தொண்ணூறுகளில் ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கண் முகாம் என்பது பொங்கல் மாதிரி, வருடா வருடம் வந்துவிடும். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியே ஒரு காலத்தில் பட்டாளத்து டாக்டர்தான். அந்தத் தர்ம சிந்தனை இந்த மண்ணில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்புரை என்று நினைத்துத்தான் பெரிய தாத்தாவைக் கூட்டிப்போனார்கள். முகாமில் இருந்த டாக்டரம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, சின்ன வயசுல ரொம்ப நாள் சாப்பாடு இல்லாம இருந்தீங்களா?" என்று கேட்டார். புரை கொஞ்சம்தான், நரம்பு காய்ந்துபோய்விட்டது, ஆபரேஷனில் சரி வராது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெரிய தாத்தா தலையை ஆட்டினார். போரிலிருந்து திரும்பி ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, நீங்கள் பட்டினி கிடந்தீர்களா என்று அவரிடம் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான்.

வெள்ளை, சாம்பல், கறுப்பு

அதுவரை அவரைக் கேட்டவர்கள் எல்லோரும் வேறு ஒன்றைத்தான் கேட்டார்கள். முதலில் கேட்டது பிரிட்டிஷ் ராணுவம். 1945-ல் கைதிகளை மீட்ட கையோடு விசாரணை வைத்தார்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தாயா, சேர்ந்தால் மனப்பூர்வமாகச் சேர்ந்தாயா, இல்லை மிரட்டலுக்குப் பயந்தா? பதிலை வைத்து ஆட்களை மூன்றாகப் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவர் வெள்ளை, ஏமாந்து போனவர் சாம்பல், மனப்பூர்வமாகப் போனவர் கறுப்பு. பெரிய தாத்தா வெள்ளை. பிடிபட்டிருந்த காலத்துச் சம்பளப் பாக்கி மொத்தமாக வந்தது. அதில் ஒரு ஜோடி காளையும் இரண்டு குறுக்கம் கரிசலும் வாங்கினார். போஸ் தாத்தா கறுப்பு. வங்காளத்தில் ஜிகர்கச்சா முகாமில் அடைத்துவைத்து, சம்பளப் பாக்கியைப் பறிமுதல் செய்து, பட்டாளத்திலிருந்து நீக்கி அனுப்பினார்கள். காங்கிரஸ் அமைத்த நிவாரணக் குழுவின் உதவியில் ரயில் ஏறி, மாற்றுத் துணி இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். நாடு விடுதலை அடைந்தது, ஆனாலும் ஐ.என்.ஏ. ஆட்களைப் பட்டாளத்தில் திரும்ப எடுக்கவில்லை. 26 வருடம் அவர் அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான் பார்த்தார். பெரிய தாத்தாவின் காட்டிலும் பார்த்தார்.

பிறகு காற்று மாறியது. சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15-லிருந்து மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தது. ஐ.என்.ஏ. வீரர்களும் அதில் உண்டு. போஸ் தாத்தாவுக்குத் தாமிரப் பட்டயம் வந்தது. 1980-ல் திட்டம் விரிவானது. 2016-ல் ஐ.என்.ஏ. தியாகிக்கான மத்திய ஓய்வூதியம் மாதம் 26,000 ரூபாய் என்று ஆனது. அதைப் பார்க்கப் போஸ் தாத்தா இல்லை, ஆனால் இருந்தவரை மரியாதையாக இருந்தார். பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் அவருக்கு நாற்காலி போடுவார்கள், துண்டு போர்த்துவார்கள், அவர் எழுந்து "ஜெய்ஹிந்த்" என்பார். மதுரை மாதிரி ஓர் ஊரில் அந்த இரண்டு சொல்லுக்கு இருக்கிற மவுசே தனி. 1939-ல் போஸ் வந்து போன ஊர். ஜெய்ஹிந்துபுரம் என்று ஒரு பேட்டையே இருக்கிற ஊர். கோயிலைச் சுற்றி நடந்தால் நேதாஜி சாலையை மிதிக்காமல் வர முடியாது. தெருவுக்கு ஒரு போஸாவது இருப்பார்.

கொடியேற்றத்துக்குப் பெரிய தாத்தாவும் போவார். வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். யாரும் அவரை ஒதுக்கவில்லை. யாருக்கும் அவரும் அதே போரில், அதே ஊரில், அதே எதிரியிடம் மூன்றரை வருடம் கிடந்தவர் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். போஸ் தாத்தாவுக்கு மட்டும் எப்போதும் அது தோன்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

ராணுவ ஓய்வூதியம் ஏன் இல்லை என்று கேட்கலாம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். போருக்காக அவசரமாக எடுத்து, போர் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அந்த மூன்றரை வருடத்தையும் சேர்த்தால்கூட ஆறு வருடம்தான் வரும்.

கட்டம் இல்லாத ஃபாரம்

அவர் இறந்து பல வருடம் கழித்து, பெரிய அப்பத்தாவுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று பார்க்க ஓர் அரசு அலுவலகத்துக்கு அவரை நான் கூட்டிப்போனேன். அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் டிஸ்சார்ஜ் புக். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் இளைஞர், நல்ல மாதிரியானவர். அப்பத்தாவுக்கு முதலில் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். புத்தகத்தைப் பூப்போலத் திறந்து பார்த்தார். மங்கிய மையில், பிடிபட்ட தேதியும் மீட்கப்பட்ட தேதியும் இருந்தன. நிமிர்ந்து, "ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருந்திருக்காரே! ஐ.என்.ஏ.தானே பாட்டி?" என்றார். அவர் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எழுந்து கும்பிட்டிருப்பார்.

அப்பத்தா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. "இல்ல சார். அவுக சேரல. போசண்ணேதான் சேந்தாக. எம்பதுல எல்லாரும் பென்சனுக்கு எழுதிப் போடுறப்ப போசண்ணே ராத்திரி வீட்டுக்கு வந்தாக. 'கூட இருந்த கைதி எழுதிக் குடுத்தாப் போதுங்குறான், நீயும் எங்கூட ஐயென்னேலதான் இருந்தேன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன், கெளம்பு'ன்னாக. இவுக வெளக்கைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, 'நான் அதுல இல்லையேப்பா. இல்லாததுக்கு எப்பிடிக் காசு வாங்குறது'ன்னுட்டாக. போசண்ணே அழுதுட்டுப் போனாக." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "சேரல, நெசந்தான். ஆனா மூணரை வருசம் பட்டினி கெடந்ததும் நெசந்தானே சார்? எங்கிட்டுக் கெடந்தா என்ன?" என்று கேட்டது.

அந்தக் கதையை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. தியாகிகள் ஓய்வூதியத்துக்குச் சிறை ஆவணம் இல்லாதவர்கள் சகக் கைதிச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட கைதி ஒருவர், இவரும் என்னோடு உள்ளே இருந்தார் என்று எழுதிக் கொடுப்பது. அதில் பொய் நிறைய நடந்தது, வழக்குகளும் நடந்தன. என்னை அசைத்தது வேறு. போஸ் தாத்தா கொடுக்க வந்த சான்றிதழில் பாதி உண்மை. இரண்டு பேரும் ஒன்றாகப் பிடிபட்டவர்கள், ஒரே மைதானத்தில் உட்கார்ந்தவர்கள். 'இவன் என்னோடு கைதியாக இருந்தான்' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரிய தாத்தா கை நீட்டி வாங்கியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த அரசும் விலை வைக்கவில்லை. கூடவே ஒரு பொய் சேர்ந்தால்தான் அது செல்லும்.

அந்த இளைஞர் பேனாவை மூடிவைத்தார். "பாட்டி, கைதியா இருந்ததுக்குன்னு இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல. வேற வழி பாப்போம்" என்றார். அங்கே எனக்கு ஒன்று புரிந்தது. 1945-ல் காக்கி உடுப்புப் போட்ட வெள்ளைக்கார அதிகாரி கேட்டதும், இவ்வளவு வருடம் கழித்து இந்த அன்பான பையன் கேட்டதும் ஒரே கேள்வி. எந்தப் பக்கம் இருந்தார்? அன்றைக்குச் சரியான பதில் ஒன்று, இன்றைக்குச் சரியான பதில் இன்னொன்று. 1945-ன் பதிலுக்கு இரண்டு குறுக்கம் கரிசல் கிடைத்தது, போஸ் தாத்தா நடுத்தெருவில் நின்றார். 1972-ன் பதிலுக்குத் தாமிரப் பட்டயம் கிடைத்தது, பெரிய தாத்தா வேப்பமரத்தடியில் நின்றார். பட்டினியைப் பற்றி இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

சரி, வேறு வழி கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி கொடுக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் கரையான் விட்டுவைத்த நம்பரை வைத்து பெங்களூர் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதி, பதில் வாங்கி, அப்பத்தாவுக்கு அது சாங்ஷன் ஆயிற்று. கடைசிவரை வாங்கியது. அந்தப் பணத்தை அது யாரிடமும் கொடுக்காது, தபால்காரரிடம் எண்ணி வாங்கி முந்தியில் முடிந்துகொள்ளும். அந்த இளைஞருக்கு நான் இன்றைக்கும் நன்றி உடையவன். ஆனாலும் அது போருக்குப் போனதற்கான பணம். ஒருநாளும் பிடிபடாமல் ராவல்பிண்டி கிட்டங்கியில் கணக்கு எழுதியவருக்கும் அதே தொகைதான்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

அமெரிக்காவில் 1981-ல் முன்னாள் போர்க் கைதிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அவர்கள் வகுத்த முறையில், குறைந்தது 30 நாள் பிடிபட்டுக் கிடந்தவருக்குப் பிற்காலத்தில் இன்னின்ன நோய் வந்தால் அது சிறையினால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும், அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிபெரி இருந்தது, நாள்பட்ட சீதபேதி இருந்தது, கை கால் நரம்புத் தளர்ச்சி இருந்தது. சத்துக்குறைவால் பார்வை நரம்பு காய்ந்துபோவது என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. கள்ளப் பார்வை என்று எங்கள் ஊர் சொன்னதை ஒரு நாட்டின் சட்டம் பெயர் சொல்லி அடையாளம் கண்டு, அதற்குப் பணம் கொடுக்கிறது. ஆஸ்திரேலியா 2001-ல், ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடு இருப்பவர்களுக்கும் விதவைகளுக்கும் 25,000 டாலர் கொடுத்தது. 2011-லிருந்து முன்னாள் போர்க் கைதிகளுக்கு இரண்டு வாரத்துக்கு 500 டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்குப் பெயரே அங்கீகாரம் என்பதுதான்.

பிரிட்டன் 2000 நவம்பரில் தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. கடன்பட்ட மரியாதை என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த நம் ஆட்களுக்கு அந்த மரியாதை நீளவில்லை. கூர்க்கா வீரர்கள் வழக்குப் போட்டு, 2002-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர்களை விலக்கியது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. கள்ளிக்குடியிலிருந்து வழக்குப் போட யார் இருந்தார்கள்? அதற்கு முன்பே ஒரு கதவு மூடியிருந்தது. 1951-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின் 16-வது பிரிவு, ஜப்பானியச் சொத்தின் ஒரு பகுதியைச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் முன்னாள் போர்க் கைதிகளுக்குப் பகிரச் சொன்னது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9-ல் ஜப்பானோடு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு, எந்த இழப்பீடும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பெருந்தன்மைதான், நட்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பெருந்தன்மை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் கணக்கிலிருந்து போனது, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இதற்கும் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது. மேலூரிலும் சிவகங்கைப் பக்கத்திலும் 'மலாயாவுக்குப் போனவர்' என்று எந்த வீட்டிலும் ஒரு பேச்சு வரும். ரப்பர்த் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் போட்ட ரயில் பாதைக்கு இழுத்துப்போகப்பட்ட தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளில் சுமார் 12,000 பேர் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. செத்த ஆசியக் கூலிகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. அவர்கள் போர்க் கைதிகளே அல்ல, சட்டப்படி கூலிகள். 1967-ல் ஜப்பான் மலேசிய அரசுக்கு இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி (டாலர்) மதிப்பில் நல்லெண்ண உதவி செய்து கணக்கை முடித்துக்கொண்டது. அது சரக்குக் கப்பலாக வந்தது. பாதையில் கிடந்தவன் குடும்பத்துக்கு ஒரு காசு வரவில்லை. இவர்களைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும்.

இப்போது எதற்கு இது

உலகப் போர்க்காரர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள், இனி எதற்கு இதெல்லாம் என்று டீக்கடைப் பெரியவர் மாதிரியே யாரும் கேட்கலாம். 1962-ல் சீனாவிடம் ஏறக்குறைய 4,000 இந்திய வீரர்கள் பிடிபட்டார்கள். 1965-லும் 1971-லும் பாகிஸ்தானிடம் பிடிபட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அன்றைக்கு இருபது வயதுப் பையன்களாக இருந்தவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். 1971-ல் காணாமல் போய், பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக நம்பப்பட்ட 54 பேரின் குடும்பங்கள் இன்னும் பதில் கிடைக்காமல் இருக்கின்றன. 2019 பிப்ரவரி 27-ல் விங் கமாண்டர் அபிநந்தன் பிடிபட்டபோது தமிழ்நாடு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மார்ச் 1 இரவு அவர் வாகா எல்லையைத் தாண்டி நடந்து வந்ததும் எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். பிடிபட்டவர் ஒரு வீரர், திரும்பி வந்தது ஒரு வெற்றி என்று அன்றைக்கு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜனங்களுக்கு அது தெரிகிறது, ஃபாரத்துக்குத்தான் தெரியவில்லை.

டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்தில் உண்டியல் குலுக்கி, சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு வீட்டுக்கு வருவோமே, அந்தக் காசு சேர்கிற நிதியின் உதவிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏழ்மை உதவி உண்டு, பிள்ளைகள் படிப்புக்கு உண்டு, மகள் கல்யாணத்துக்கு உண்டு, வைத்தியத்துக்கு உண்டு, ஈமச் சடங்குக்கும் உண்டு. எல்லாம் தேவையானவை. சிறைப்பட்டவருக்கென்று ஒரு வரி இல்லை. நான் கேட்பது பெரிய தொகை அல்ல. சர்வீஸ் புத்தகத்தில் சிறைப்பட்ட காலம் பதிவாகியிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே ஆயுள் முழுக்க ஒரு சின்னத் தொகை, இறந்த பின் விதவைக்கு அதில் பாதி, கண்ணுக்கும் நரம்புக்கும் மனசுக்கும் கேள்வி கேட்காத வைத்தியம். பிடிபட்ட இடத்தில் அவர் என்ன முடிவெடுத்தார் என்பது வரலாற்று ஆசிரியர்களின் வேலை. துப்பாக்கி முனையில், பசியில், இருபத்திரண்டு வயதில் எடுத்த முடிவு அது. அதற்கு மார்க் போட எனக்கோ, வெள்ளைக்காரனுக்கோ, நம் அரசுக்கோ உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அதுவரை, இருப்பதையாவது வாங்க வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், சர்வீஸ் நம்பர் தெரிந்தால் போதும், அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம். ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரை பதவியில் இருந்த, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் கொடிநாள் நிதியிலிருந்து வருகிற ஏழ்மை உதவி மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1-லிருந்து போடுகிற விண்ணப்பங்களுக்கு அது 8,000 ஆகியிருக்கிறது. மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் போட வேண்டும். இரண்டாம் உலகப் போர் வீரரின் விதவை யாராவது இன்னும் இருந்தால், மாநில அரசின் நிதியுதவியையும் அங்கேயே கேளுங்கள். புத்தகத்தில் சிறைப்பட்ட தேதிகள் இருந்தால், கட்டம் இல்லாவிட்டாலும் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை போர்க் கைதியாக இருந்தார் என்று.